கணக்குப் புத்தகமும் கறுப்பு அன்னமும்

ஜாஸ் பற்றிய புத்தகங்களில் ஹரி பேஸ் என்ற பெயர் வந்தால் இரண்டு மூன்று வரியோடு போய்விடும். அவர் வாத்தியக்காரர் இல்லை. பாட்டுக்கு வரிகள் எழுதினார், தேவாலய நிகழ்ச்சிகளில் தனியாகப் பாடினார், அவ்வளவுதான். தொழில் எண்டு பார்த்தால் முதலில் வங்கி, பிறகு காப்புறுதி. ஆனாலும் 1920களின் கறுப்பின இசை யாருடைய கைக்குப் போனது, ஏன் போனது எண்டு கேட்கத் தொடங்கினால் இந்தக் கணக்கு மனிசனைத் தாண்டிப் போக எங்களால் முடியவில்லை.

1884-ல் ஜோர்ஜியா மாநிலத்தில் பிறந்தவர். அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் டு போய்ஸிடம் படித்தார். 1903-ல் வகுப்பில் முதலாவதாக வெளியே வந்தார். கொஞ்சக் காலத்துக்குப் பிறகு ஆசிரியரும் மாணவருமாகச் சேர்ந்து மெம்பிஸில் ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார்கள். அது நிலைக்கவில்லை. பேஸ் பிறகு பீல் தெருவில் இருந்த சொல்வன்ட் சேமிப்பு வங்கியில் காசாளரானார். அது ரொபர்ட் சேர்ச் என்ற கறுப்பினச் செல்வந்தர் 1906-ல் தொடங்கிய வங்கி. பீல் தெருவிலதான் டபிள்யூ. சி. ஹாண்டியின் இசைக்குழுவும் வாசித்துக்கொண்டிருந்தது. ஹாண்டிக்கு மெட்டு வரும், பேஸுக்கு வரியும் வரும் கணக்கும் வரும். இருவரும் சேர்ந்து பாட்டு எழுதினார்கள்.

1912-ல் ஹாண்டி 'மெம்பிஸ் புளூஸ்' பாட்டைச் சொந்தமாக அச்சிட்டார். விற்பனை போதாது எண்டு நம்பவைக்கப்பட்டு, அதன் உரிமையை மிகச் சொற்ப காசுக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். பாட்டு நாடெங்கும் ஓடியது, பணம் வேறு ஆளிடம் போனது. உரிமை அவரிடம் திரும்ப வர 28 வருசம் பொறுக்கவேண்டி வந்தது. அந்தக் காலச் சட்டத்தில் பதிப்புரிமையின் முதல் தவணை அவ்வளவு. இதற்குப் பிறகுதான் பேஸ் அண்ட் ஹாண்டி என்ற பதிப்புக் கம்பனி. 1914-ல் வந்த 'சென்ட் லூயிஸ் புளூஸ்' அவர்களுடைய சொந்தக் கம்பனியிலேயே வெளிவந்தது. ஹாண்டி 1958-ல் சாகும்வரை அந்தப் பாட்டு அவருக்கு உழைத்துக் கொடுத்தது. இரண்டு பாட்டையும் எழுதினது ஒரே ஆள். வித்தியாசம் உரிமைப் பத்திரத்தில் யாருடைய பெயர் இருந்தது என்பதில் மட்டும்தான்.

பாட்டு நன்றாக ஓடினாலும் பேஸ் காப்புறுதியை விடவில்லை. அட்லாண்டாவில் ஸ்டாண்டர்ட் லைஃப் என்ற கறுப்பினக் காப்புறுதிக் கம்பனியின் செயலாளரும் பொருளாளருமாக இருந்தார். 'அப்பா சொன்னார், பாதுகாப்பான வேலையைப் பிடி, பாட்டைப் பின்னேரம் பார்' மாதிரியான கதையாக இதை எடுக்கக்கூடாது. எங்கட வீடுகளில் கேட்கிற கதை அது. அங்கே நிலைமை வேறு. 1881-ல் புருடென்ஷியல் கம்பனி கறுப்பினத்தவருக்கு, அவர்கள் வெள்ளையர் கட்டிய அதே தவணைப் பணத்தைக் கட்டினாலும், இழப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தது. 1896-ல் அதே கம்பனியின் புள்ளிவிவரக்காரர் ஃபிரெடரிக் ஹொஃப்மன், இந்த இனத்தின் ஆயுளே குறைவு, இது இயற்கை எண்டு நிறுவ ஒரு முழுப் புத்தகம் எழுதினார். வறுமையும் நோயும் வாடகைக் குடிசையும் அவர் கண்ணில் படவில்லை. ஆகவே கறுப்பினத்தவர் தாங்களே காப்புறுதிக் கம்பனி தொடங்கினார்கள். வெளியே கடன் கிடைக்காத ஒரு சமூகத்தின் சில்லறைக் காசு ஓரிடத்தில் சேர்ந்தது அங்கேதான். பேஸ் பழகிய உலகம் அது. உன்னை விலைபோட மறுப்பவனிடம் போகாதே, நீயே கடை போடு எண்ட பாடத்தை இசைக்கு முன்னமே அவர் காப்புறுதியில் கற்றுவிட்டார் எண்டு நினைக்கிறம்.

1920 ஓகஸ்டில் ஓகே கம்பனிக்காக மேமி ஸ்மித் 'கிரேசி புளூஸ்' பாடினார். கறுப்பினப் பெண் ஒருத்தி புளூஸ் பாடினால் யார் வாங்குவார்கள் எண்டு அதுவரை தட்டிக்கழித்த கம்பனிகளுக்கு விற்பனைக் கணக்கு பதில் சொல்லியது. ஆனால் அந்த லாபம் வெள்ளை முதலாளிகளுக்கு. அப்போது பேஸ் நியூ யோர்க்குக்கு வந்து, ஹாண்டியோடு முழுநேரமாகப் பதிப்புத் தொழிலில் இருந்தார். 1921-ல் பங்கைப் பிரித்துக்கொண்டு வெளியேறி, சண்டை சச்சரவு இல்லாமல்தான், சொந்த இசைத்தட்டுக் கம்பனி தொடங்கினார். தட்டில் ஒட்டிய பெயர் 'பிளாக் ஸ்வான்', கறுப்பு அன்னம். அடிமையாகப் பிறந்து 1854-ல் விக்டோரியா மகாராணி முன்னால் பாடிய எலிசபெத் டெய்லர் கிரீன்ஃபீல்டுக்கு மக்கள் வைத்த பட்டப்பெயர் அது. இயக்குநர் சபையில் டு போய்ஸ் இருந்தார்.

அந்தச் சின்ன அலுவலகத்தில் யார் யார் இருந்தார்கள் எண்டு பார்த்தால் மலைப்பு வரும். இசைப் பொறுப்பாளர் ஃபிளெட்சர் ஹெண்டர்சன். இரசாயனம் படிக்க ஆசைப்பட்டு நியூ யோர்க் வந்து, பாட்டுத் தாள் விற்க உதவியாகப் பியானோ வாசித்துக்கொண்டிருந்த பெடியன். பிறகு 1924-ல் லூயி ஆம்ஸ்ட்ரோங்கைத் தன் இசைக்குழுவுக்குக் கூட்டிவந்தவரும், பெனி குட்மனுக்கு ஸ்விங் இசையை எழுதிக்கொடுத்தவரும் இவர்தான். இசை அமைப்பில் வில்லியம் கிராண்ட் ஸ்டில். பாட எதெல் வோட்டர்ஸ். பொதுப் பாட்டா, 'பண்பான' பாட்டா, எதைப் பாடவைப்பது எண்டு அலுவலகத்தில் நீளமாகப் பேச்சு நடந்ததாக வோட்டர்ஸ் தன் வாழ்க்கை வரலாற்றில் சொல்கிறார். நூறு டொலர் கேட்டார், கொடுத்தார்கள். 'டவுன் ஹோம் புளூஸ்' கம்பனியைக் கடனிலிருந்து தூக்கியது. அவரை நகர் நகராக அனுப்பினார்கள், ஹெண்டர்சன் கூடப் போனார்.

அந்தப் 'பண்பான' என்ற சொல்லில்தான் எங்களுக்குச் சிக்கல். பேஸ் வெறும் புளூஸ் விற்க வரவில்லை. ஒபெரா, தேவாலயப் பாடல், வயலின் எல்லாம் தன் மக்களால் முடியும் எண்டு காட்ட வேண்டும் அவருக்கு. அதில் கௌரவம் இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. கறுப்பினக் குரல் எண்டால் கோமாளிப் பாட்டுத்தான் எண்டு தட்டு விற்ற காலம் அது. ஆனால் அதே அளவுகோலால்தான் பெஸ்ஸி ஸ்மித்தும் அளக்கப்பட்டார். அவர் பாடிப் பார்க்க வந்தபோது, இது எங்களுக்குச் சரிவராது, கரடுமுரடு எண்டு திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாட்டை இடையில் நிறுத்தித் துப்பப் போனார், அதுதான் காரணம் எண்டு ஒரு கதை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. கதை எப்படியோ, 1923-ல் கொலம்பியா கம்பனி அவரை எடுத்தது. முதல் தட்டே ஏழு இலட்சத்துக்கு மேல் விற்றதாகச் சொல்வார்கள். பேஸை வீழ்த்தியது வங்கிக்காரன் கணக்கு எண்டு சிலர் எழுதுவார்கள். நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை. கணக்கு மட்டும் பார்த்திருந்தால் பெஸ்ஸியை விட்டிருக்கமாட்டார். படித்த வர்க்கத்தின் காது அது. தெருவில் பாடுகிறவளைக் கேட்கவே அது கூசியது.

மீதியை வேகமாகச் சொல்லலாம். தட்டுகளை முதலில் வேறு ஆக்களின் தொழிற்சாலையில், விஸ்கொன்சினில் கதிரை செய்கிற ஒரு கம்பனியின் துணை நிறுவனத்திடம், அழுத்திக்கொண்டிருந்தார்கள். (ஆம், கதிரைக் கம்பனிதான். கிராமஃபோன் பெட்டியும் செய்து, பெட்டியை விற்கத் தட்டும் செய்தது.) பாரமவுண்ட் என்ற பெயரில் அதுவே 1922-ல் கறுப்பின இசையைப் பதிக்கத் தொடங்கிப் போட்டிக்கு வந்தது. பேஸ் அந்த வருசம் இன்னொருவரோடு கூட்டாக ஒலிம்பிக் என்ற கம்பனியின் தட்டு ஆலையை வாங்கினார். ஆலை ஓடவேண்டும் எண்டால் தட்டு வேண்டும். ஒலிம்பிக்கிடம் இருந்த வெள்ளைக் குழுக்களின் பழைய பதிவுகளைப் பெயர் மாற்றி, கறுப்பினக் குழுக்கள் மாதிரி பிளாக் ஸ்வான் முத்திரையில் விற்றார்கள். அசல் கறுப்பினக் குரல் எங்களிடம் மட்டும்தான், மற்றவர்கள் கறுப்பராக நடிக்கிறவர்கள் எண்டு பத்திரிகையில் விளம்பரம் போட்ட அதே கம்பனி! வானொலி வேறு வந்து எல்லாருடைய விற்பனையையும் இழுத்தது. 1923 டிசெம்பரில் வங்குரோத்து. 1924-ல் பதிவுகள் பாரமவுண்டிடம் போயின.

பேஸ் காப்புறுதிக்குத் திரும்பினார். 1925-ல் நியூவார்க்கில் புதுக் கம்பனி ஒன்று. 1929-ல் அது வேறு இரண்டோடு இணைந்து சிகாகோவில் சுப்ரீம் லிபர்ட்டி லைஃப் ஆனது, அதன் தலைவர் அவர். இங்கே வேலைக்குச் சேர்ந்த ஜோன் எச். ஜோன்சன் என்ற இளைஞருக்கு, கறுப்பின மக்களைப் பற்றிய செய்திகளைப் பத்திரிகைகளில் தேடித் தொகுத்துத் தலைவரிடம் கொடுப்பது ஒரு வேலை. இதையே பத்திரிகை ஆக்கினால் என்ன எண்டு அவருக்குத் தோன்றியது. தாயின் தளபாடத்தை அடகு வைத்து 500 டொலர் எடுத்து, கம்பனியின் காப்புறுதிதாரர் 20,000 பேருக்குக் கடிதம் போட்டார். 1942-ல் 'நீக்ரோ டைஜஸ்ட்', மூன்று வருசத்தில் 'எபனி'. காப்புறுதிப் பெயர்ப்பட்டியல் ஒரு பத்திரிகையின் வாசகர் பட்டியலாக மாறிய கதை.

அதே கம்பனிதான் 1937-ல் கார்ல் ஹான்ஸ்பெரி சிகாகோவில் வீடு வாங்கக் கடன் கொடுத்தது. கறுப்பினத்தவருக்கு விற்கக்கூடாது எண்டு வெள்ளை வீட்டுக்காரர்கள் ஒப்பந்தம் எழுதி வைத்திருந்த பகுதி அது. பேஸும் அங்கே ஒரு வீடு வாங்கினார், வழக்கில் அவர் பெயரும் இருக்கிறது. 1940-ல் உச்ச நீதிமன்றம் ஹான்ஸ்பெரி பக்கம் தீர்த்தது. அப்படியான ஒப்பந்தங்களை நீதிமன்றம் நிறைவேற்றக்கூடாது எண்டு சொல்ல மட்டும் 1948 வரை எடுத்தது. ஹான்ஸ்பெரியின் மகள் லொரெய்ன் எழுதி 1959-ல் மேடையேறிய 'எ ரெய்சின் இன் த சன்' நாடகம், இறந்த தகப்பனின் 10,000 டொலர் காப்புறுதிக் காசோலையைச் சுற்றித்தான் நடக்கிறது. அந்தக் காசோலை வீடாகிறதா, கடையாகிறதா, படிப்பாகிறதா எண்ட சண்டை அந்த மேடைக்கு எங்கிருந்து வந்தது எண்டு யோசிக்க எங்களுக்குப் பேஸ் தேவைப்பட்டார்.

அவர் 1943-ல் சிகாகோவில் இறந்தார். வெளிர்ந்த தோல் அவருக்கு. அவருக்குப் பிறகு பிள்ளைகள் வெள்ளையராகவே வாழ்ந்தார்கள், தகப்பன் செய்ததை வீட்டில் பேசவில்லை. நடிக்கிறவர்களை விளம்பரத்தில் குத்திக்காட்டிய மனிதர் ஒரு கறுப்பினத்தவர் எண்டு அவருடைய பேரப்பிள்ளைகள் அறிந்தது பல பத்து வருசங்கள் கழித்து, தங்களுக்கே வயதான பிறகு.