பார்சல் ட்ரேயும் பீன்யாவும்: பதிவேட்டில் ஏறாத ஒரு கைத்தொழில்

காரின் பின்கண்ணாடிக்குக் கீழே ஒலிபெருக்கிகளைத் தாங்கி நிற்கும் பலகை வெறும் அலங்காரமன்று. அது ஓர் ஒலியியல் தடுப்பு. ஒலிபெருக்கியின் கூம்பு முன்னோக்கி நகரும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது. அதே கணத்தில் பின்பக்கக் காற்று தளர்கிறது. இவ்விரு அலைகளும் தடையின்றிக் கலந்தால், தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். ஆகவே இடையில் சந்தில்லாத பலகை வேண்டும். அம்பாசடர், பிரீமியர் பத்மினி ஆகிய கார்களில் சாமான் அறை தனியே இருந்தது. அந்த அறையே ஒலிப்பெட்டியாகப் பயன்பட்டது.

1983 டிசம்பர் 14 அன்று வெளிவந்த மாருதி 800 இந்த அமைப்பை மாற்றியது. அதன் சாமான் பகுதியும் பயணியர் பகுதியும் ஒரே வெளி. மேலே பொருத்தக்கூடியது ஒரு மெல்லிய தட்டு மட்டுமே. பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகப்படுத்திய ஒலிநாடாப் பேழை அதற்குள் கார்களில் ஏறிவிட்டது. சென்னை பர்மா பஜார் போன்ற அங்காடிகளில் வெளிநாட்டு ஒலிக்கருவிகள் கிடைத்தன. கருவியை வாங்கலாம், அதைப் பொருத்தும் பலகையை யாரேனும் செய்துதர வேண்டும்.

அதைச் செய்தவர்கள் தச்சர்களும் காருக்கு உறை தைப்போரும். காரின் உள்வளைவை அட்டையில் வெட்டி அளவெடுப்பர். அதைப் பிளைவுட்டிலோ எம்.டி.எஃப். பலகையிலோ வரைந்து அறுப்பர். 6×9 அங்குல நீள்வட்டத் துளையிட்டு ரெக்சின் ஒட்டுவர். ஒடுங்கிய தட்டில் கூம்பின் பரப்பைக் கூட்டவே அந்த நீள்வட்டம். பொதி வைப்பதற்கென வந்த ‘பார்சல் ட்ரே’ என்ற பெயரோ ஒலிபெருக்கி ஏறிய பின்னும் மாறவில்லை. பயன் மாறியும் சொல் நிலைப்பதற்கு இது நல்ல சான்று.

ஒலிப்பெட்டியின் கணக்கை ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961-இல் எழுதினார். ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்தில் அதை விரித்தார். பட்டறையில் அதே சிக்கல் செவியாலும் கையாலும் தீர்க்கப்பட்டது. பலகை அதிர்ந்தால் தடிமன் கூட்டினர். சந்து இருந்தால் ரப்பர் பட்டை ஒட்டினர். கனத்த பலகையை உடலோடு இறுகப் பிணைக்காவிட்டால், திடீர் பிரேக்கில் அது பின்னிருக்கையில் இருப்போர் மீது பாயும். எனவே இந்த வேலையில் உயிர்ப் பொறுப்பும் அடங்கியிருந்தது.

பெங்களூரில் இவ்வரலாற்றைப் படிக்க இரண்டு இடங்களை இணைத்துப் பார்க்க வேண்டும். கார் உதிரிப் பொருள்களை விற்கும் ஜே.சி. சாலை ஒன்று; துமகூரு சாலையை ஒட்டிய பீன்யா மற்றொன்று. கடைசல், தகட்டு வேலை, முலாம் பூச்சு எனப் பிறருக்காக வேலை முடித்துத் தரும் ‘ஜாப் ஒர்க்’ சிறுபட்டறைகளே பீன்யாவின் உயிர்நாடி. இன்று அங்குள்ள சி.என்.சி. இயந்திரங்கள், தச்சர் அட்டையில் பிடித்த வளைவைக் கணினி வரைபடமாக ஏற்று வெட்டக்கூடியவை. அளவு துல்லியமாகிறது, ஒருமுறை வரைந்ததை நூறுமுறை வெட்டலாம். ஆனால் காருக்குள் குனிந்து அந்த வளைவை முதலில் கண்டறியும் வேலை இன்னும் மனிதக் கையிடமே இருக்கிறது.

தொழில் வரலாறு பெரும்பாலும் பதிவு பெற்ற நிறுவனங்களையும் இயந்திரங்களையும் எண்ணி எழுதப்படுகிறது. ஒரே ஒரு காருக்கென ஒரே ஒருமுறை செய்யப்பட்ட பொருள் அந்தக் கணக்கில் வருவதில்லை. மாருதி 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. பழைய கார் உடைக்கப்படும்போது பலகையும் கழிவாகிறது. அட்டை அச்சோ அதற்கு முன்பே குப்பைக்குப் போய்விட்டது. அறுத்த கைகளுக்கும் வயதாகிறது. எஞ்சிய அச்சுகள், கைச்சீட்டுகள், பட்டறைச் சொற்கள் ஆகியவற்றைத் திரட்டுவது தொழில் வரலாற்று மாணவர்களுக்கும் மொழியியல் மாணவர்களுக்கும் பொதுவான களப்பணி. அதைத் தள்ளிப்போட நேரமில்லை.