கானில் தங்கிய மண், ஆற்றில் இறங்கிய மணல்

1874 இல் ரயில் இலங்கை மலைநாட்டின் நாவலப்பிட்டியை எட்டியபோது கோப்பி மூட்டைகளுக்கு வழி கிடைத்தது. அந்தக் கோப்பிக்காகக் காடு வெட்டிய சரிவுகளிலிருந்து மண் அதற்கு முன்பே புறப்பட்டுவிட்டது. அந்த மண்ணைக் கொண்டுபோக மகாவலி ஆறு போதுமாயிருந்தது.

இலைநோய் கோப்பியை அழித்தது, தேயிலை ஏறியது. தோட்டத் துரைமாருக்குப் புல் பூண்டில்லாத மலையே நல்ல மலை. சுரண்டியால் வழித்தெடுத்த வெறுந்தரையில் மழை இறங்கியது. அருகிலுள்ள வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும். நுண்மண் கலங்கலாக வெகுதூரம் போனது. கனத்த மணல் ஆறு தளரும் வளைவுகளில் படிந்தது.

5,000 அடிக்கு மேலுள்ள காட்டையாவது விட்டுவைக்கும்படி தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873 இலேயே எச்சரித்தார். நாவலப்பிட்டி இருப்பதோ ஏறக்குறைய 2,000 அடியில்.

அங்கே மண்ணைக் காத்தது கான் என்ற வடிகால். சரிவுக்குக் குறுக்கே, மிகச் சிறு சாய்வோடு வெட்டுவார்கள். நடுநடுவே மண்தடுப்பு விடுவார்கள். வேகமாக வரும் தண்ணீர் தடுப்பில் தேங்கி, மண்ணைக் கீழே விட்டு, தெளிந்து வழியும். படிந்ததை அள்ளித் தேயிலைத் தூரில் போடுவார்கள்.

அரசு மெல்லத்தான் விழித்தது. 1931 இல் மண்ணரிப்புக் குழுவின் அறிக்கை வந்தது. 1947 இல் மலைநாட்டைப் பெருவெள்ளம் தாக்கியது. 1951 இல்தான் மண் பாதுகாப்புச் சட்டம்.

இழந்த மண்ணின் கணக்கு கீழே, கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் தெரிந்தது. மகாவலி நீரைச் சுரங்கவழியாக உக்குவெலை மின்நிலையத்துக்குத் திருப்ப 1976 இல் திறந்த அணை அது. 12 ஆண்டுகளில் அதன் கொள்ளளவில் ஏறக்குறைய 44 வீதத்தை வண்டல் பிடித்துக்கொண்டது. தேயிலைச் சரிவுகளோடு மரக்கறித் தோட்டங்களும் வீதி வெட்டுகளும் அதற்குப் பங்களித்தன.

ஆற்று மணலுக்கு இன்று விலையுண்டு. 1992 ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டப்படி அதை அள்ள அனுமதிப்பத்திரம் வேண்டும். மேலே கானிலிருந்து ஒரு கூடை மண்ணை அள்ளித் தூரில் போடுவது மட்டும் செக்றோல் என்ற வருகைப் பதிவேட்டில் இன்னும் ஒரு நாள் பேர்தான்.