ஏரியான் 5 ஏவூர்தியின் முதல் பறப்பும் மென்பொருள் சோதனையும்

ஏரியான் 5 ஏவூர்தியின் முதல் பறப்பு (பறப்பு 501) 1996 சூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்தில் நடைபெற்றது. புறப்பட்ட 40 நொடிகளுக்குள் ஏவூர்தி வானில் சிதறியது. ஒரு சூழலில் பிழையின்றி இயங்கிய மென்பொருளைப் புதிய சூழலுக்கேற்ப மீண்டும் சோதிக்க வேண்டும் என்பதற்கு மென்பொருள் பொறியியலில் அடிக்கடி காட்டப்படும் எடுத்துக்காட்டு இதுவாகும்.

பின்னணி

ஏவூர்தியின் திசையையும் அசைவையும் அளக்கும் கருவி, ஏரியான் 4 இல் பயன்பட்ட கருவியைப் பெரிதும் ஒத்திருந்தது. அதன் மென்பொருள் எடா மொழியில் எழுதப்பட்டது. பறப்புக்கு முன் கருவியைச் சீரமைக்கும் ஒரு பகுதி, புறப்பட்ட பின்னும் சுமார் 40 நொடிகள் இயங்கியது. ஏரியான் 5 இல் இதற்குத் தேவையே இல்லை.

விபத்து

இப்பகுதி, கிடைத்திசை வேகம் சார்ந்த ஒரு 64-பிட் தசம எண்ணை 16-பிட் முழு எண்ணாக மாற்றியது. அவ்வகை முழு எண்ணின் மேல் எல்லை 32,767. இத்தகைய ஏழு மாறிகளில் நான்கிற்கு மட்டுமே பிழைக்காப்பு இருந்தது. கணினியின் சுமையை 80 விழுக்காட்டிற்குள் வைப்பதற்காக மற்ற மூன்றும் காப்பின்றி விடப்பட்டன. ஏரியான் 4 இன் பறப்புப் பாதையில் அம்மதிப்பு எல்லையைத் தாண்டியதில்லை. ஏரியான் 5 இன் கிடைத்திசை வேகமோ சுமார் ஐந்து மடங்கு கூடுதலாக இருந்ததால் எல்லை மீறப்பட்டது.

மாற்றுக் கருவியிலும் அதே மென்பொருள் இருந்ததால், அது 72 மில்லிநொடி முன்னதாகவே செயலிழந்திருந்தது. முதன்மைக் கருவி அனுப்பிய பிழைத் தகவலைப் பறப்புத் தரவாக எடுத்துக்கொண்ட கணினி, உந்துகுழாய்களைத் தவறாகத் திருப்பியது. ஏவூர்தி உடைந்து, தன்னழிப்பு அமைப்பும் இயங்கியது. அதிலிருந்த நான்கு கிளஸ்டர் ஆய்வுச் செயற்கைக்கோள்களும் அழிந்தன.

சோதனைக் குறைபாடு

இக்கருவி தனியாகச் சோதிக்கப்பட்டிருந்தது. ஆனால் அதன் தேவை ஆவணத்தில் ஏரியான் 5 இன் பாதைத் தரவு சேர்க்கப்படவில்லை. முழு அமைப்பின் ஒப்புருச் சோதனைகளிலும் உண்மைக் கருவிக்குப் பதிலாக அதன் செயற்கை வெளியீடே பயன்பட்டது.

கணிதவியலர் சாக் லூயி லியோன் தலைமையிலான விசாரணைக் குழு 1996 சூலை 19 இல் அறிக்கை அளித்தது. உண்மை மென்பொருளுக்கு உண்மைப் பாதைத் தரவைக் கொடுத்து இயக்கியபோது, அதே பிழை தரையிலேயே தோன்றியது. எனவே இதே சோதனை பறப்புக்கு முன் நடந்திருந்தால் விபத்தைத் தவிர்த்திருக்கலாம். இயன்றவரை உண்மைக் கருவிகளையும் உண்மைப் பறப்புச் சூழலையும் கொண்டு சோதிக்குமாறு குழு பரிந்துரைத்தது.

பின்விளைவு

மாற்றுக் கிளஸ்டர் செயற்கைக்கோள்கள் 2000 ஆம் ஆண்டில் சோயூசு ஏவூர்திகளில் ஏவப்பட்டன. திருத்தப்பட்ட ஏரியான் 5, 2023 வரை பயன்பாட்டில் இருந்தது.