பிழைத்த பிறகு என்ன? – மூளைக்காயமும் மறுவாழ்வும்: ஒரு வரலாற்றுப் பார்வை

மதுரைக்கு மேற்கே, நாகமலை புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது கீழக்குயில்குடி. ஊரை ஒட்டி சமணர் மலை. அடிவாரத்தில் ஆலமரம், தாமரைக் குளம், அய்யனார் கோயில். மேலே ஏறினால் செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம். ஆயிரம் வருடங்களுக்கு முந்தைய தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் இன்றும் அங்கே இருக்கின்றன.

சமணர்கள் நான்கு தானங்களைப் பெரிதாகச் சொன்னார்கள். அன்னதானம், அபயதானம், ஔடத தானம், சாத்திர தானம். அதாவது சோறு, அடைக்கலம், மருந்து, கல்வி. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருந்தையும் அடைக்கலத்தையும் அவர்கள் ஒன்றாகச் சேர்க்கவில்லை, தனித்தனி தானமாக எண்ணினார்கள். மருந்து கொடுப்பது ஒரு வேலை. தாங்கிப் பிடிப்பது இன்னொரு வேலை.

தலையில் அடிபட்டவர்களின் வரலாற்றைப் படித்தால் இந்த வித்தியாசம் நன்றாகப் புரியும். கடந்த 75 வருடங்களில் மருந்து வேகமாக வளர்ந்தது. அடைக்கலம் பின்தங்கிவிட்டது. எப்படி என்று பார்ப்போம்.

மூளையில் அடிபட்டால் என்ன ஆகும்?

கால் எலும்பு முறிந்தால் மாவுக்கட்டு போடுகிறார்கள், சில மாதத்தில் நடந்துவிடலாம். மூளை அப்படி அல்ல. எந்த இடத்தில் அடிபட்டதோ அந்த இடத்தின் வேலை கெடும். இடது பக்கத்தில் பேச்சுக்கான பகுதி பாதிக்கப்பட்டால் சொல்ல நினைத்த வார்த்தை வாயில் வராது. இதற்கு அஃபேசியா என்று பெயர். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்பகுதி பாதிக்கப்பட்டால் கோபம் கட்டுக்கு அடங்காது, ஒரு வேலையைத் திட்டம் போட்டுச் செய்ய முடியாது. இன்னும் சிலருக்கு காலையில் சாப்பிட்டது மத்தியானம் ஞாபகம் இருக்காது.

வெளியில் பார்த்தால் ஆள் நன்றாகத்தான் இருப்பார். தையல் போட்ட தழும்பு கூட முடிக்குள் மறைந்துவிடும். "நல்லாத்தானே இருக்கான், வேலைக்குப் போகாம ஏமாத்துறான்" என்று ஊர் பேசும். வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தவர் போனவர் அல்ல என்று.

மருந்து வளர்ந்த கதை

இந்திய நரம்பியல் அறுவை சிகிச்சையின் வரலாறு தமிழ்நாட்டில்தான் தொடங்குகிறது என்பது நமக்குப் பெருமை. கனடாவின் மான்ட்ரியலில் புகழ்பெற்ற வைல்டர் பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்றுத் திரும்பிய டாக்டர் ஜேக்கப் சாண்டி, 1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நாட்டின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அடுத்த வருடமே, 1950-ல், இங்கிலாந்தின் நியூகாசிலில் பயிற்சி பெற்று வந்த டாக்டர் பி. ராமமூர்த்தி சென்னை அரசு பொது மருத்துவமனையில் இத்துறையைத் தொடங்கினார். இவர் சீர்காழியில் பிறந்தவர். 1951-ல் இந்திய நரம்பியல் சங்கம் உருவானபோது இந்த இருவரும் அதை உருவாக்கியவர்களில் இருந்தார்கள்.

அதன் பிறகு உலகம் முழுவதும் வேகமான முன்னேற்றம். 1971-ல் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலை சி.டி. ஸ்கேன் செய்யப்பட்டது. மண்டையைத் திறக்காமலே உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறதா என்று பார்க்க முடிந்தது. 1974-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரு டாக்டர்கள் ஒரு எளிய அளவுகோலைத் தந்தார்கள். கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, கை கால் அசைக்கிறாரா என்று பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண். இன்றும் தலைக்காயம் என்று வருபவருக்கு முதலில் பார்ப்பது இந்த மார்க்கைத்தான்.

விளைவு? முன்பெல்லாம் இறந்திருக்க வேண்டிய பலர் பிழைத்தார்கள். ஆனால் பிழைத்தவர் பிறகு எப்படி வாழ்வார் என்ற கேள்விக்கு ஸ்கேன் மெஷினிடம் பதில் இல்லை.

அடிபட்டவர்களே கட்டிய வழி

அந்தக் கேள்வியை முதலில் பெரிதாக எழுப்பியவை போர்கள். முதல் உலகப் போரில் தலையில் குண்டு பாய்ந்த ஜெர்மன் வீரர்களுக்காக ஃபிராங்க்ஃபர்ட்டில் கர்ட் கோல்ட்ஸ்டைன் பயிற்சி முறைகளை உருவாக்கினார். இரண்டாம் உலகப் போரில் சோவியத் ரஷ்யாவின் அலெக்சாண்டர் லூரியா இதே வேலையைச் செய்தார். 1943-ல் காயம்பட்ட ஒரு இளம் வீரர், தான் எழுதியதையே திரும்பப் படிக்கச் சிரமப்பட்ட நிலையிலும் சுமார் 25 வருடம் தன் அனுபவத்தை எழுதிக்கொண்டே இருந்தார். லூரியா அதைப் புத்தகமாக்கினார். ஒரு நாளில் சில வரிகள்தான் எழுத முடியும். ஆனாலும் விடவில்லை.

போர் இல்லாத காலத்தில் இந்த வேலையை எடுத்துக்கொண்டது யார்? குடும்பங்கள்! 1979-ல் பிரிட்டனில் ஹெட்வே என்ற அமைப்பு தொடங்கியது. 1980-ல் அமெரிக்காவில் தேசிய தலைக்காய அறக்கட்டளை தொடங்கியது. அதைத் தொடங்கிய தாயின் மகள் 1975-ல் கார் விபத்தில் தலையில் அடிபட்டவள். உதவி தேடி அலைந்து கிடைக்காததால் தாங்களே ஒரு அமைப்பைக் கட்டினார்கள்.

தமிழ்நாட்டின் கதையும் இதேதான். நம் இரண்டு முக்கிய உதாரணங்களிலும் அடிபட்டது தலை அல்ல, முதுகுத்தண்டு. ஆனால் அவர்கள் திறந்த கதவு வழியாகத்தான் மூளைக்காயம் பட்டவர்களும் உள்ளே வந்தார்கள்.

முதலாவது டாக்டர் மேரி வர்கீஸ். வேலூரில் இளம் டாக்டராக இருந்தபோது 1954-ல் நடந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1963-ல் வேலூரில் அந்தத் துறைக்குத் தலைவரானார். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-ல் பத்மஸ்ரீ. இன்று அந்த நிலையத்தில் முதுகுத்தண்டு காயத்தோடு மூளைக்காயம் பட்டவர்களுக்கும் பயிற்சி நடக்கிறது.

இரண்டாவது எஸ். ராமகிருஷ்ணன். இன்ஜினியரிங் மாணவராக இருந்தபோது, பெங்களூரில் கடற்படை அதிகாரி தேர்வில் கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தது. சொந்த ஊரான ஆய்க்குடிக்குத் திரும்பிய அவர், சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டான 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 'அமர்' என்பது ராணுவ மருத்துவமனையில் தனக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் நினைவாக வைத்த பெயர். தென்காசிக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த அமைப்பு கிராமங்களுக்கே ஆட்களை அனுப்பிப் பயிற்சி கொடுக்கிறது. ராமகிருஷ்ணனுக்கு 2020-ல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

தாங்கும் இடம் கிடைக்காதபோது என்ன நடக்கும் என்பதற்கும் நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. அவர்கள் மனநோயாளிகள், மூளைக்காயம் பட்டவர்கள் அல்ல. ஆனால் வீட்டில் வைத்துப் பார்க்க உதவியும் இல்லை, வெளியில் நல்ல இடமும் இல்லை என்ற நிலை இருவருக்கும் பொதுவானது.

சட்டத்தில் பெயர் இல்லாதவர்கள்

1995-ல் வந்த ஊனமுற்றோர் சட்டத்தில் ஏழு வகைகள் இருந்தன. மூளைக்காயம் அதில் இல்லை. மனவளர்ச்சி குன்றியோர் என்ற வகை இருந்தது. ஆனால் அதன் விளக்கமே 'மன வளர்ச்சி தடைபட்டவர்' என்பதுதான். 30 வயது வரை நன்றாக வளர்ந்து, வேலை பார்த்து, ஒரு நாள் பைக்கிலிருந்து விழுந்தவரை அதில் எப்படிச் சேர்ப்பது?

2016-ல் வந்த புதிய சட்டம் ஏழை 21 ஆக்கியது. பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் எல்லாம் பெயரோடு சேர்ந்தன. மூளைக்காயம் இப்போதும் தனிப் பெயராக இல்லை. கை கால் வரவில்லை என்றால் உடல் இயக்கக் குறைபாடு என்று சான்றிதழ் வாங்கலாம். பேச்சு போயிருந்தால் பேச்சு மற்றும் மொழிக் குறைபாட்டில் அஃபேசியா சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஞாபகமும் குணமும் மட்டும் மாறியிருந்தால்? மனநோய் என்ற தலைப்பில் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். ஒரே அடியில் வந்த கஷ்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி, எந்தக் கட்டத்தில் எந்தத் துண்டு என்று தேட வேண்டியிருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால்...

ஒருவரைத் தாங்குவதற்கு என்ன செலவாகும்? வீட்டில் அம்மாவோ மனைவியோ பார்த்துக்கொள்வதால் இது யார் கணக்கிலும் வருவதில்லை. நீதிமன்றங்கள்தான் இதைக் கணக்கில் எழுதின.

2010-ல் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்கில் முக்கியமான ஒன்றைச் சொன்னது. உடல் ஊனம் எத்தனை சதவீதமோ, வருமான இழப்பும் அதே சதவீதம்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு கையை இழந்த டிரைவரின் நஷ்டமும் ஒரு கையை இழந்த கிளார்க்கின் நஷ்டமும் ஒன்றல்ல.

2020 பிப்ரவரியில் இன்னொரு தீர்ப்பு. 2007-ல் நடந்த விபத்தில் 12 வயதுச் சிறுமிக்குத் தலையில் பலத்த காயம். வாழ்நாள் முழுக்க ஒருவர் கூடவே இருக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் போட்ட கணக்கைப் பாருங்கள். ஒரு நாளுக்கு 24 மணி நேரம், ஒருவர் 12 மணி நேரம் பார்த்தால் இரண்டு பேர் வேண்டும். ஒருவருக்கு மாதம் 5,000 ரூபாய் என்றால் வருடத்துக்கு 60,000. அதை 18-ஆல் பெருக்கினால் 10,80,000. இரண்டு பேருக்கு 21,60,000 ரூபாய். மொத்த இழப்பீடு 62,27,000. அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல், கூட இருந்து பார்த்துக்கொள்வதற்கு மட்டும்!

இதோடு ஒப்பிட இன்னொரு எண். தமிழக அரசு கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தரும் மாதாந்திர பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியில் 1,500-லிருந்து 2,000 ரூபாயாக உயர்ந்தது. பல மாநிலங்களில் இது கூட இல்லை என்பது உண்மைதான். ஆனால் நீதிமன்றத்தின் கணக்கில் அது ஒரு ஆளின் அரை மாதச் சம்பளம் கூட இல்லை. பைக்கில் தானாக விழுந்தவருக்கு எதிர்க்கட்சியே இல்லாததால் அந்த 62 லட்சம் போன்ற இழப்பீட்டுக்கும் பெரும்பாலும் வழி கிடையாது.

48 மணி நேரமும் அதற்குப் பிறகும்

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2007-லும், பிறகு உயர் நீதிமன்ற உத்தரவால் 2015-லும் ஹெல்மெட் கட்டாயம் என்று அறிவிக்கப்பட்டது. 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் வந்தது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். கீழக்குயில்குடி பக்கம் ஒருவர் விழுந்தால் 108-ல் ஏற்றி மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விடலாம். பழைய ஆட்கள் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று சொல்லும் அதே அரசு இராஜாஜி மருத்துவமனைதான். மருந்து ஊருக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

49-வது மணி நேரம்? ஐம்பதாவது நாள்? ஐந்தாவது வருடம்? வேலூர் 400 கிலோமீட்டருக்கும் மேல். ஆய்க்குடி சுமார் 160 கிலோமீட்டர். கூலி வேலையை விட்டுவிட்டு மாதக்கணக்கில் அங்கே போய்த் தங்க எத்தனை குடும்பத்தால் முடியும்?

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி வருகிறது. உலக வங்கி உதவியுடன் நடக்கும் 'உரிமைகள்' திட்டத்தில் 'விழுதுகள்' என்ற சேவை மையங்கள் திறக்கப்படுகின்றன. இவை சரியான திசையில் வைத்த அடிகள். ஆனால் கை காலுக்குப் பயிற்சி கொடுப்பதோடு நின்றுவிடக் கூடாது. ஞாபகத்துக்கும் பேச்சுக்கும் கோபத்துக்கும் பயிற்சி வேண்டும். செய்ய வேண்டியதை ஒரு நோட்டில் எழுதி வைத்துப் பார்த்துப் பழகுவது, ஒரே நேரத்தில் ஒரே வேலை, சத்தமில்லாத இடம் என்று சின்னச் சின்ன விஷயங்கள்தான். இதை யாராவது வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். பார்த்துக்கொள்பவருக்கு வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வும் வேண்டும்.

நம் ஊரில் விபத்து நடந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் ஊரே நிற்கும். ரத்தம் கொடுக்க வரிசையில் நிற்பார்கள். அந்த நல்ல மனசு உலகத்தில் எங்கும் கிடைக்காது. ஆறு மாதம் கழித்து அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவரோடு கொஞ்ச நேரம் பேச ஒருவர் கூட இருக்க மாட்டார். "அண்ணே, நீங்க கொஞ்சம் வெளிய போயிட்டு வாங்க, நான் பாத்துக்கிறேன்" என்று அந்த வீட்டுக்காரரிடம் சொல்ல ஆள் இருக்காது.

அபயதானத்துக்குப் பெரிய பணம் தேவையில்லை நண்பர்களே. உங்கள் தெருவிலும் அப்படி ஒரு வீடு இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் அங்கே போய்வர முடியுமா என்று யோசியுங்கள். போகும்போது ஹெல்மெட் போட்டுக்கொண்டு போங்கள்!