வில்வேட்டையிற் குறி

சென்னைக்குத் தெற்கே பழைய மாமல்லபுரச் சாலையில் அமைந்த நாவலூர் இந்நாளில் கணிப்பொறி நிறுவனங்களின் மாளிகைகள் நிறைந்த ஊராய் விளங்குகின்றது. பெயரொப்புமை நோக்கி இதனைச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருவவதாரஞ்செய்த திருநாவலூரென மயங்கற்க. அது திருமுனைப்பாடி நாட்டிலுள்ளது, இது வேறு. ஆயினும், வில்வேட்டையின் வரலாற்றை ஆராயப் புகுவார்க்கு இந்நாவலூரைச் சூழ்ந்த நிலம் பெரிதும் வாய்ப்புடையதாம். வடமேற்கேயுள்ள பல்லாவரத்தில் 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள் இராபர்ட் புரூசு பூட்டு என்னும் நிலநூலறிஞர் பழைய கற்காலத்துக் கைக்கோடரியொன்றைக் கண்டெடுத்தார். தெற்கே மாமல்லபுரத்திற் பல்லவர் வில்வளைத்த உருவங்களைப் பாறையிற் செதுக்கினர். பல்லாவரத்திற்கு அணித்தாகிய குன்றத்தூரிற் றோன்றிய சேக்கிழார் பெருமான் வேடர்தம் வேட்டையை விரித்துப் பாடினார்.

கைக்கோடரி ஏந்திய மனிதன் விலங்கைக் கொல்ல வேண்டின் அதனைத் தொடுமளவிற்கு நெருங்கவேண்டும். வில்லோ அவனுக்குத் தொலைவைக் கொடுத்தது. தொலைவு வந்தவுடன் அதனோடு ஓர் இடர்ப்பாடும் வந்தது. கையிற்பட்ட கல் தப்பாது. கையை விட்ட அம்பு தப்பும். தப்பாவாறு செய்தற்கு வேடன் எதனைக் குறியாகக் கொண்டான் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

குறியென்னுஞ் சொல் தமிழில் எய்யப்படும் பொருளையும், அதனை அறிதற்குரிய அடையாளத்தையும் ஒருங்கே உணர்த்தும். மேனாட்டார் இவ்விரண்டையும் வேறு பிரித்து, இலக்கு விலங்கின் மேலும் அடையாளம் வில்லின் மேலும் இருக்குமாறு அமைத்துக்கொண்டனர். வில்லின் நடுப்பிடிக்கு மேலே பொருத்தப்படும் அவ்வடையாளக் கருவியை வில்லாளிகள் 'சைட்' என்றே வழங்குவர். சிறுவளையத்தினுள்ளே ஒன்றன்கீழ் ஒன்றாகச் சில ஊசிகள் நீட்டியிருக்கும். மேலூசி 20 கஜத்திற்கும், அடுத்தது 30 கஜத்திற்கும், அதன் கீழது 40 கஜத்திற்குமென முன்னரே எய்து பார்த்து நிறுத்தப்படும். விலங்கு நிற்குந் தொலைவை அறிந்து, அத்தொலைவிற்குரிய ஊசியை அதன் மார்பின்மேற் பொருத்தி நாணை விடுதல் முறை. நாணிலே ஒரு சிறு துளைவளையமும் கட்டுவர்; கண்ணும் துளையும் ஊசியும் விலங்கும் ஒரு நேரில் வந்தாலன்றி விடார்.

ஊசிகள் பல வேண்டுவது ஏனெனின், அம்பு நேர்க்கோட்டிற் செல்லாமையினாலென்க. நொடிக்கு 180 அடி செல்லும் எளிய வில்லின் அம்பு 20 கஜத்தைக் கடக்க நொடியின் மூன்றிலொரு பங்கு ஆகும். அதற்குள் அது ஏறக்குறைய ஒன்றேமுக்கால் அடி தாழும். 40 கஜத்திற்குக் காலம் இருமடங்காக, தாழ்வோ நான்கு மடங்காகி ஏழடியாகின்றது. தொலைவை 20 கஜமென்று மதித்து எய்தவன் எதிரில், விலங்கு மெய்யாக 25 கஜத்தில் நிற்குமாயின் அம்பு குறிக்கு அரையடிக்கு மேற் கீழே படும். 40-ஐ மதித்து 45 ஆனாலோ தவறு ஓரடியாகும். மானினது உயிர்நிலையான நெஞ்சும் நுரையீரலும் சேர்ந்த இடம் ஏறக்குறைய ஒரு சாண் அகலமே என்பதை இதனோடு வைத்துப் பார்த்தால், ஐந்து கஜப் பிழை எத்துணைக் கொடியதென்பது விளங்கும்.

மேலும், அம்பு துப்பாக்கிக் குண்டுபோல அதிர்ச்சியாற் கொல்வதன்று; குருதியை வடித்துக் கொல்வது. முன்காலுக்குப் பின்னே மார்பின் கீழ்ப்பாதியிற் பாயின் விலங்கு சிறிது தூரம் ஓடி விழும். குடலிலோ தொடையிலோ பாயின் நாட்கணக்கிற் புழுத்து வருந்திச் சாகும். குறி பிழைத்தால் விலங்கு பிழைத்தது என்று மகிழ்தற்கும் இடமில்லை. முழுதும் பிழைத்தல் ஒன்று, பாதி பிழைத்தல் மற்றொன்று. வில்வேட்டையிற் குறியைப் பற்றிய ஆராய்ச்சி முழுவதற்கும் உயிர்நாடி இப்பாதிப் பிழையேயாம்.

1966-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மிசௌரி மாகாணத்து ஹாலஸ் வில்பர் ஆலன் என்பார் முனைகளிற் கப்பிகள் பூட்டிய வில்லுக்கு உரிமைப்பட்டயம் வேண்டி விண்ணப்பித்து 1969-இற் பெற்றார். காம்பவுண்டு வில் எனப்படும் இதன் வழித்தோன்றல்கள் நொடிக்கு 300 அடி வேகத்தில் அம்பைச் செலுத்த வல்லன. அவ்வேகத்தில் 20-க்கு 25 என்னும் பிழை இரண்டரை அங்குலத்திற்குள் அடங்கிவிடும். ஆதலின் விரைந்த வில்லுடையார் பலர் ஊசி பலவற்றை விடுத்து ஒற்றையூசியையே விரும்புவர். ஒற்றையூசி கண்ணை மறைக்காது. எதனை எடுப்பதென்ற மயக்கமுந் தராது. ஆயின், ஊசியை 20-க்குத் திருத்தி வைத்தபின் விலங்கு நடந்து 35-க்குப் போய்விட்டால், மீண்டுந் திருத்தக் கையசைக்க வேண்டும். அசைந்த கையைக் கண்ட விலங்கு நில்லாது. பலவூசியில் இவ்வசைவு வேண்டா. பதற்றத்திற் பிற ஊசியைப் பிடிக்கும் இடரோ உண்டு. வைகறையிலும் அந்தியிலுமே பெருவிலங்குகள் வெளிப்படுதலின், நாணின் துளை மிகச் சிறிதாயின் அரையிருளில் ஒன்றுந் தோன்றாது. பரணிலிருந்து கீழ்நோக்கி எய்வார்க்கு இன்னுமொரு நுட்பம் உண்டு: சாய்வாக அளந்த தொலைவைக் கொள்ளாது, மரத்தடியிலிருந்து விலங்கு வரையுள்ள நிலத்தளவையே கொள்ளல் வேண்டும், அன்றேல் அம்பு மேலே போய்விடும்.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டமையின், இக்கருவிகள் இங்கே பந்தயக் களத்துக்கன்றிக் காட்டுக்கு உரியனவல்ல. ஆளுநர்களின் வேட்டைக்காடாயிருந்த கிண்டியும் 1978-இல் தேசியப் பூங்காவாகி, வெளிமானுக்கும் புள்ளிமானுக்கும் புகலிடமாயிற்று.

இனி, ஊசியும் துளையும் இல்லாத முன்னோர் செயலை நோக்குதும். மாமல்லபுரத்து மகிடமர்த்தனிக் குகையிலே சிங்கத்தின்மேல் அமர்ந்த கொற்றவை, நாணைக் காதளவு இழுத்து எருமைத்தலை அசுரனை எதிர்க்கின்றாள். காதளவு வாங்குதலே வடநூலாரும் தென்னூலாரும் வீரர்க்கு விதித்த முறை. அவ்வாறு வாங்கின் அம்பின் பின்முனை கண்ணுக்கு நேர்கீழே நில்லாது பக்கத்தே விலகிப்போகும். ஆகலின் அம்பின் வழியே கண்ணைச் செலுத்திக் குறிபார்த்தல் இயலாது. தாடையின்கீழ் வாங்குவார்க்கே அது கூடும். காதளவு வாங்கியவர் வேகத்தைப் பெற்றுக் கண்ணின் துணையை ஓரளவு இழந்தனர். இழந்ததை உடம்பின் பயிற்சியால் ஈடுசெய்தனரென்பது அவர்தம் நூல்களால் உய்த்துணரப்படும். நிகண்டுகள் வில்லோர் நிலைகளைப் பைசாசம், மண்டிலம், ஆலீடம், பிரத்தியாலீடம் என நான்காகக் கூறும். காலின் வைப்பு மாறாது நின்றால், தோளும் கையும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். அக்கினி புராணத்துத் தனுர்வேதப் பகுதியும் நிலைகளையே முன்வைத்துப் பேசுகின்றது. வில்லின்மேல் வைக்கப்படாத ஊசி வில்லாளியின் உடம்பிலேயே வைக்கப்பட்டதென்பது இதன் கருத்துப் போலும்.

வேட்டையில் வில்லாற் புகழ்பெற்றோருள் முதற்கண் வைத்தெண்ணத்தக்கவன் கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி. புறநானூற்று 152-ஆம் பாட்டில் வன்பரணர், அவன் எய்த அம்பொன்று யானையை வீழ்த்திப் புலியினூடு சென்று, கலைமானையும் பன்றியையும் உருட்டி, முடிவிற் புற்றிலிருந்த உடும்பிற் சென்று தங்கிற்றென்கின்றார். இது புலவர்தம் உயர்வுநவிற்சி என்று சொல்லிக் கடந்துபோதல் எளிது. யானையினுடம்பைத் துளைத்து அப்பாற் செல்லும் அம்பு உளதோவென்று வழக்காடுதலும் எளிது. விலங்குகளை நிறுத்திய முறையே கூர்ந்து நோக்கத்தக்கது. யானை உயர்ந்தது, புலியும் மானும் அதனிற் றாழ்ந்தன, பன்றி இன்னுந் தாழ்ந்தது, உடும்போ நிலத்தொடு படிந்தது. விட்ட அம்பு செல்லச்செல்லத் தாழும் வழியும் அதுவேயன்றோ! வில்லாளியின் பக்கத்தே நின்று அம்பின் போக்கைக் கண்டவர்க்கன்றி இவ்வடைவு தோன்றாது. பின்னர் இவ்வோரியை மலையமான் திருமுடிக் காரி கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்பது சங்கநூற் செய்தி.

எனினும் யானைக்கு அம்பே ஏற்ற படையென்று தமிழர் எண்ணினாரல்லர். திருவள்ளுவனார் படைச்செருக்கு அதிகாரத்தில் அம்பை முயலொடும், வேலை யானையொடும் பொருத்திக் கூறுகின்றார். பிழைத்தாலும் யானைமேல் எறிந்த வேலே பெருமையுடையதென்பது அவர் துணிவு. அது போர்வீரனது பெருமை பற்றிய பேச்சு. வேட்டைக்காரனது கடமை பற்றியதன்று. யானை பிழைத்த வேலைப் போர்க்களத்தில் ஏந்தி நிற்கலாம். காட்டிலே புண்பட்டுத் திரியும் யானை அடுத்த சிற்றூரினரை மிதித்துக் கொல்லும். ஆதிச்சநல்லூரில் அலெக்சாந்தர் ரீ என்பார் 1899 முதல் 1905 வரை அகழ்ந்தெடுத்தவற்றுள் இரும்பு அம்புமுனைகளோடு வாளும் ஈட்டியும் உடனிருந்தமை, ஒன்றையே நம்பாத பழந்தமிழர் வழக்கைக் காட்டும்.

பாதிப் பிழையினின்று தப்ப வேறு வழி கண்டாரும் உளர். பெரிய அந்தமானிய மக்கள் காட்டுப்பன்றிக்குரிய அம்பின் முனையைத் தண்டினின்று கழலுமாறு செய்து, இரண்டையுங் கயிற்றாற் பிணைத்தனர். முனை பன்றியுடம்பிற் றைக்க, கழன்ற தண்டு கயிற்றோடு பின்னே இழுபட்டுப் புதரிற் சிக்கும். பன்றி நெடுந்தூரம் ஓடமாட்டாது. குறி சிறிது தவறினும் விலங்கு கைதப்பிப் போய் நெடிது வருந்தாமைக்கு இஃது ஏது. அமெரிக்காவில் 1911-இற் காட்டினின்று வெளிப்பட்ட இஷி என்னும் யாகிக் குலத்தின் எஞ்சிய ஒருவனிடம் சாக்ஸ்டன் போப் என்னும் மருத்துவர் வில்வேட்டை கற்றார். 1916-இல் இஷி இறந்தபின், 1923-இற் போப் எழுதிய நூலே அந்நாட்டில் வில்வேட்டை மீண்டுந் தழைக்கக் காரணமாயிற்று. மாணாக்கர் வழிவந்தோர் நெடுந்தொலைவு எய்யக் கருவிமேற் கருவி பூட்டினர். ஆசிரியனோ விலங்கின் குரலைப் போலக் கூவி அதனைத் தன்னருகே வரச்செய்து எய்தவன்.

நெருங்குதலே முதற்குறி என்பதற்குத் தமிழில் தலையாய சான்று திண்ணனார் வரலாறு. உடுப்பூர்த் தலைவன் நாகனார் மகனாகிய அவர் வில்வித்தையை முறைப்படக் கற்றுத் தேர்ந்தவர். கன்னிவேட்டையில் வலையறுத்தோடிய பன்றியை நாணனுங் காடனும் உடன்வரத் துரத்திச் சென்றார். வில் கையிலிருந்தும், ஓடும் பன்றியின் பின்னிருந்து எய்தாரல்லர். அஃது இளைத்து ஒருமரத்தின் சூழலில் நிற்க, அணுகிக் குத்தி இருதுணியாக வீழ்த்தினார். இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) காலத்துச் சேக்கிழார் இவ்வேட்டையைப் பாடுமிடத்தே, யானைக்கன்றுகளைத் தொடராமையும், சிறு குருளைகளைக் கொல்லாமையும், கருவுற்றுத் தளர்ந்த பிணைகளை அலைக்காமையும் அவ்வேடர்தம் ஒழுக்கமாகக் கூறிச்செல்கின்றார். எதனை எய்வது என்பதற்கு முன் எதனை எய்யலாகாது என்பது அவர்கள்பாற் குறிக்கப்பட்டிருந்தது. கொலைத்தொழிலோர்க்கு இவ்வொழுக்கம் ஏற்றிக் கூறப்பட்டதென்பாரும் உளராயின், உலகெங்குமுள்ள வேட்டைக்குடிகளில் இத்தகைய விலக்குகள் காணப்படுதலை அவர் நோக்குவாராக.

அவ்வேட்டையே அவரைத் திருக்காளத்திக்கு உய்த்தது. ஆறாம் நாளிற் சிவகோசரியார் மறைந்து நின்று காண, இறைவனது வலக்கண்ணிற் குருதி பெருகிற்று. எய்தவர் யாரெனத் திண்ணனார் வில்லேந்திப் பக்கமெங்கும் நோக்கினார்; எவரையுங் காணார். பச்சிலை பிழிந்தும் நில்லாமையால், தம் வலக்கண்ணை அம்பினால் இடந்து அப்பினார், குருதி நின்றது. பின் இடக்கண்ணிலும் குருதி தோன்றிற்று. மருந்து தெரிந்துவிட்டமையின் அவர் அஞ்சவில்லை. ஆயினும் எஞ்சிய கண்ணையும் இடந்துவிட்டால், அப்ப வேண்டிய இடத்தை அறிவது எவ்வாறு? வாழ்நாளெல்லாங் கண்ணாற் குறிபார்த்த வில்லாளர்க்கு இவ்வினா எழுந்தது இயல்பே. அவர் தம் இடக்காலை இறைவனது இடக்கண்ணில் ஊன்றி, அதனையே அடையாளமாக வைத்துக்கொண்டு, அம்பைத் தம் கண்ணில் நாட்டினார். இதற்குச் சேக்கிழார் ஆளுஞ் சொல் நேர்பாடு என்பது. கண்ணுந் துளையும் ஊசியும் இலக்கும் ஒரு நேரில் வருதலை உணர்த்தற்கு இதனினும் ஏற்ற தமிழ்ச்சொல் கிடைத்தலரிது. வில்லுக்குக் கருவி செய்வார் இச்சொல்லை எடுத்தாளலாம். அம்பு ஊன்றுமுன் இறைவன் திருக்கை நீண்டு அவர் கையைப் பற்றியது. சீகாளத்தியிற் கோயிலை அடுத்த குன்றின்மேல் அவர்க்குத் தனிக்கோயில் உளது. வழிபடுவோர் படியேறிச் சென்று காண்கின்றனர்.