ராயப்பேட்டையில் ஐந்து மாணவர்கள்

திருமழிசை, பூந்தமல்லி, ஆவடிப் பக்கம் எந்தப் பள்ளிக்குள் நுழைந்து 'பி.டி. மாஸ்டர் எங்கே?' என்று கேட்டாலும் பிள்ளைகள் மைதானத்தைக் காட்டுவார்கள். கல்லூரியில் அதே ஆள் பிசிகல் டைரக்டர். கூடைப்பந்து அணிக்குப் பயிற்சி கொடுப்பதும், விளையாட்டு விழா நடத்துவதும், வெளியூர்ப் போட்டிக்கு அணியைக் கூட்டிப்போவதும் அவர் பொறுப்பு. அமெரிக்கக் கல்லூரிகளில் பயிற்சியாளர், விளையாட்டுத் துறை இயக்குநர் என்று பிரித்துச் செய்யும் வேலைகளை நம் ஊரில் பெரும்பாலும் ஒருவரே சுமக்கிறார்.

இத்தகைய ஆசிரியர்களுக்கென்று சென்னையில் ஒரு கல்லூரியை உருவாக்கியவர் ஹாரி குரோ பக்.

பக் 1884இல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். படித்தது ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில். கூடைப்பந்து பிறந்த இடமும் அதுதான். குளிர்காலத்தில் கூரைக்கடியில் ஆட ஒரு விளையாட்டு வேண்டும் என்று 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நைஸ்மித் அங்கே பீச் பழக்கூடைகளைப் பத்தடி உயரத்தில் மாட்டினார். 18 பேர் இரண்டு அணியாகப் பிரிந்து ஆடினார்கள், விதிகள் பதின்மூன்று. பனிக்குப் பயந்து கண்டுபிடித்த ஆட்டம் நம் வெயிலில் வேரூன்றியதற்குப் பெரிய மர்மம் எதுவும் இல்லை. கிரிக்கெட்டுக்கு வேண்டிய பரப்பில் சிறு பங்கு நிலமும், இரண்டு கம்பமும், ஒரு பந்தும் போதும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் வியர்க்க வியர்க்க ஓடலாம். இடநெருக்கடி உள்ள சென்னைப் பள்ளிகளுக்கு இதைவிடத் தோதான ஆட்டம் கிடையாது.

பக் 1919இல் இந்தியா வந்தார். அப்போது பள்ளிகளில் இருந்தவர் டிரில் மாஸ்டர், பல இடங்களில் படையிலிருந்து ஓய்வு பெற்றவர். வரிசையில் நிற்க வைத்துக் கைகால் அசைக்கச் சொல்வதே அன்றைய உடற்பயிற்சி. பக்குக்கு அது போதவில்லை. உடலைப் பற்றியும், விளையாட்டின் விதிகளைப் பற்றியும், பிள்ளைகளின் மனத்தைப் பற்றியும் படித்த ஆசிரியர் வேண்டும் என்று நினைத்தார். 1920இல் ராயப்பேட்டை வெஸ்லி கல்லூரியில் ஐந்து மாணவர்களோடு அத்தகைய ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளியைத் தொடங்கினார். பின்னாளில் அது அடையாற்றங்கரைக்கு, இன்றைய நந்தனத்துக்கு இடம் மாறி, ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியாக வளர்ந்தது.

1924இல் பாரிஸ் ஒலிம்பிக் வந்தது. டெல்லியில் நடந்த போட்டிகளிலிருந்து தேர்வான தடகள வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்து அழைத்துப் போனவர் பக். தடை ஓட்டத்தில் ஓடிய சி.கே. லட்சுமணன் அந்த அணியில் இருந்தார். பதக்கம் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்தப் பயணம் வீண் போகவில்லை என்றே சொல்ல வேண்டும். பக்கும் ஒய்.எம்.சி.ஏ.வின் நோரனும் மாகாண ஒலிம்பிக் சங்கங்களை உருவாக்க உழைத்தார்கள். 1927இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் அமைந்தது. தோராப்ஜி டாடா தலைவர், நோரன் செயலாளர்.

வெற்றிக் கோப்பைகளை வைத்து பக்கை அளந்தால் அவர் சிறியவராகவே தெரிவார். அது தவறான அளவுகோல். அவர் விட்டுச் சென்றது ஆசிரியர்களை. விளையாட்டு விதிகளைத் தொகுத்து நூலாக்கினார், 'வியாயாம்' என்ற உடற்கல்வி இதழை நடத்தினார். அவருடைய கல்லூரியில் படித்தவர்கள் நாட்டின் பல மாகாணங்களுக்கும் வேலைக்குப் போனார்கள்.

பக் 1943இல் காலமானார். மத்திய அரசு உடற்கல்விக்கென குவாலியரில் லட்சுமிபாய் கல்லூரியைத் திறந்தது 1957இல். ராயப்பேட்டையில் அந்த ஐந்து பேர் சேர்ந்து அதற்குள் 37 ஆண்டுகள் ஆகியிருந்தன.