ட்ரிம்மர் வந்த வழி

திருப்பூரில் தைத்து முடித்த டி-ஷர்ட் அட்டைப்பெட்டிக்குள் போகும் முன் கடைசியாக அதன்மேல் படும் கூர்மை, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சின்னக் கத்தியுடையது. பிளாஸ்டிக் கைப்பிடி, இரண்டு அலகு, பிடியைத் தளர்த்தினால் தானே திறந்துகொள்ளும் ஸ்பிரிங். பனியன் கம்பெனிகளில் இதற்கு ட்ரிம்மர் என்று பெயர். வேலை ஒன்றே ஒன்று: பிசிறு வெட்டுவது. ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின்களில் தைத்து வரும் துணியின் ஓரங்களில் தொங்கும் நூலை நறுக்குவது.

பாக்கெட்டில் வைத்துக்கொள்ள நல்ல கத்தி எது என்று கேட்டால் பலரும் சுவிஸ் கத்தியைச் சொல்வார்கள். 1891-ல் கார்ல் எல்சனர் சுவிட்சர்லாந்து ராணுவத்துக்குக் கொடுக்கத் தொடங்கிய அந்த மடக்குக் கத்தியில் திருப்புளியும் டப்பா திறப்பானும் கூடவே வந்தன. பல வேலைக்கு ஒரு கத்தி. ட்ரிம்மர் அதற்கு நேர் எதிர்த்திசையில் வளர்ந்தது. ஒரே வேலை, ஆனால் அதை ஒரு ஷிஃப்டுக்குள் ஆயிரக்கணக்கான முறை செய்ய வேண்டும். அன்றாடம் கையோடு இருக்கும் கத்தி என்று பேசினால் நான் இதற்குத்தான் முதலிடம் தருவேன்.

இதன் வம்சம் பழையது. நடுவில் ஆணி அடித்த கத்தரிக்கோல் பரவுவதற்கு நெடுங்காலம் முன்பே, ஒரே இரும்புப் பட்டையை வளைத்து இரு முனையையும் கூர் தீட்டிய கத்தரிகள் இருந்தன. ஐரோப்பாவில் ஆட்டு மயிர் கத்தரித்தது அதுதான். ஜப்பானில் அதே வடிவம் தையல்காரர்களின் நூல் வெட்டியாக நிலைத்தது. 1876-ல் மெய்ஜி அரசு பொது இடங்களில் வாள் தரித்துப் போவதைத் தடை செய்தபோது, வாள் அடித்த கொல்லர்கள் பலர் வீட்டுக் கத்திகளுக்கும் கத்தரிகளுக்கும் மாறினார்கள். ஹியோகோ மாகாணத்தின் ஓனோ நகரம் இன்றும் அந்தக் கைப்பிடிக் கத்தரிகளுக்குப் பேர்போனது. தையல் மெஷின் ஆலைகள் பெருகியபோது அந்த வடிவத்துக்கு பிளாஸ்டிக் உடம்பு வந்தது, அலகு தனியாகவும் ஸ்பிரிங் தனியாகவும் ஆனது, விலை குறைந்தது, டஜன் கணக்கில் கப்பலேறியது.

அது வந்து இறங்கிய ஆற்றங்கரைக்கும் இரும்பு புதிதல்ல. திருப்பூர் வழியாக ஓடும் நொய்யலின் வடகரையில், கிழக்கே போனால் கொடுமணல். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே நடத்திய அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும் எஃகு செய்த உலைகளும் வெளிப்பட்டன. நூல் நூற்கும் சுடுமண் தக்களி வட்டுகளும் அதே மண்ணில் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இரும்பும் நூலும் ஒரே ஊரில் புழங்கியிருக்கின்றன. இன்று அதே ஆற்றங்கரையில் நூல் வெட்ட, வெளியிலிருந்து வரும் எஃகை எதிர்பார்க்கிறோம் என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. கட்டிங் மாஸ்டர்களின் பெரிய கத்தரி விஷயத்தில் நாடு அப்படி இல்லை: பழைய வண்டிகளின் இரும்பை அடித்துச் செய்யும் மீரட் கத்தரிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

திருப்பூரில் பின்னலாடைத் தொழிலின் தொடக்கம் 1925 என்பார்கள். உள்ளூர்ச் சந்தைக்கு வெள்ளைப் பனியன் போட்ட காலத்தில் பிசிறு பெரிய பிரச்சினையாக இல்லை. வாங்கியவர் வீட்டிலேயே பிய்த்துப் போட்டுக்கொள்வார். 1978-ல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற இறக்குமதியாளர் வந்த பிறகு, ஏற்றுமதி வளர வளர, தொங்கும் ஒரு நூலும் ‘டேமேஜ்’ கணக்கில் சேர்ந்தது. செக்கிங் டேபிள்கள் நீண்டன. ட்ரிம்மருக்கு வேலை வந்தது.

அதை எப்படிப் பார்த்து வாங்குவது? கடையில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மெதுவாக மூட வேண்டும். அலகு இரண்டும் அடியிலிருந்து நுனி வரை ஒன்றையொன்று உரசியபடியே போக வேண்டும். இடையில் வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தில் நூல் வெட்டுப்படாது, மடங்கி நுழைந்துகொள்ளும். அடுத்தது நுனிச் சோதனை. ஒற்றை இழை பாலியஸ்டர் நூலை நுனியில் மட்டும் வைத்து வெட்டிப் பார்க்க வேண்டும். பருத்தி நூலை எந்தக் கத்தியும் வெட்டும். பேட்லாக்கில் ஓடும் புசுபுசுவென்ற வூலி நூல்தான் கத்தியின் தரத்தைக் காட்டிக்கொடுக்கும். மட்டமான அலகு அதை மெல்லும்.

ஸ்பிரிங்கின் விறைப்புதான் எல்லாவற்றிலும் முக்கியம், கடையில் அதிகம் கவனிக்கப்படாததும் அதுதான். விறைப்பான ஸ்பிரிங் முதல் பத்து நிமிடத்துக்கு உறுதியாகத் தோன்றும். சாயங்காலம் கட்டைவிரல் அடிப்பகுதியில் வலியாக வந்து நிற்கும். ரொம்பத் தளர்ந்தால் கத்தி தானே திறக்காது, விரல்தான் திறந்துவிட வேண்டும். வளையத்துக்குள் விரல் நுழைக்கும் கத்தரிக்குப் பதில் இதை எடுத்த காரணமே அங்கே போய்விடும். உடுப்பைப் புரட்டும்போதும் ட்ரிம்மர் கையிலேயே இருக்க வேண்டும். கீழே வைத்து எடுத்தால் நேரம் போகும்.

நுனி ஊசியாக இருந்தால் நல்லது என்று தோன்றும். பின்னல் துணியில் அது ஆபத்து. நெய்த துணியில் ஓர் இழை அறுந்தால் அந்த இழையோடு போகும். பின்னலில் ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததைப் பிடித்துக்கொண்டிருப்பதால், ஒன்று அறுந்தால் கண்ணிகள் வரிசையாகக் கழன்று ஓட்டை விழும். அதனால் மெல்லியதாகவும், முனை மட்டும் லேசாக மழுங்கியதாகவும் இருக்கும் அலகே பனியனுக்கு ஏற்றது. துருப்பிடிக்காத எஃகாகவும் இருக்க வேண்டும்; வியர்வைக் கையில் துரு ஏறினால் அந்தக் கறை வெள்ளைத் துணியில் இறங்கும். எண்ணெய் போட்டால் அதுவும் கறைதான். அலகில் அப்பும் பஞ்சை வேஸ்ட் துணியால் துடைத்துக்கொண்டே இருப்பதுதான் பராமரிப்பு.

கம்பெனிக்குள் நுழைந்ததும் ட்ரிம்மரின் வாழ்க்கை மாறுகிறது. ஏற்றுமதி ஆலைகளில் அதற்கு ஒரு நம்பர் விழும். காலையில் கையெழுத்துப் போட்டு வாங்கி, மாலையில் எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் கயிற்றால் டேபிளோடு கட்டியிருப்பார்கள். பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நடக்க அனுமதி கிடையாது. 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தை ஒட்டிய விதிகள் ஒன்பது அங்குலத்துக்கு மேற்பட்ட அலகுகளைப் பற்றித்தான் கவலைப்படுகின்றன, அதிலும் தொழில் கருவிகளை விலக்கிவிடுகின்றன. ஆலையின் விதி அதைவிடக் கடுமையானது. அதில் நியாயம் இருக்கிறது: அட்டைப்பெட்டியில் போவது ஒரு கைக்குழந்தையின் சட்டையாக இருக்கலாம். அலகின் நுனி உடைந்தால் துணுக்குகளைத் தேடியெடுத்து, ஒட்டுநாடாவால் பதிவேட்டில் ஒட்டி, முழுசாகச் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு துணுக்கு குறைந்தாலும் சுற்றியிருக்கும் பண்டல்கள் நிறுத்தப்பட்டு, மெட்டல் டிடெக்டரில் ஓட்டப்படும். ஒரு மில்லிமீட்டர் அளவு இரும்பையும் பிடிக்கும் மெஷின் அது.

இந்த ஒழுங்கு கம்பெனிச் சுவரோடு நின்றுவிடுகிறது. பிசிறு வெட்டும் வேலை வீடுகளுக்கும் போகிறது. திண்ணையில் பெண்கள் பீஸ் கணக்கில் வெட்டிக் கொடுக்கிறார்கள். அங்கே மழுங்கிய ட்ரிம்மர் மாதக்கணக்கில் ஓடும். புதிது வாங்கினால் அது கூலியிலிருந்து போகிற காசு. பீஸ் கணக்கு வேலையில் மழுங்கிய கத்தி நேரடியாக வருமானத்தைக் குறைக்கிறது, கூடவே கையையும் கெடுக்கிறது. வேலை கொடுப்பவர் பண்டலோடு ட்ரிம்மரையும் கொடுக்க வேண்டும், மழுங்கினால் மாற்றித் தர வேண்டும். ஓர் உடுப்பின் விலையில் அது கணக்கிலேயே வராத தொகை.

நூலைத் தானே வெட்டும் தையல் மெஷின்கள் வந்துவிட்டன. ஊசித்தட்டுக்கு அடியில் அலகு வைத்து, தையல் முடிந்ததும் அவை நூலை அறுக்கும். பிசிறை உறிஞ்சும் மெஷின்களும் இருக்கின்றன. அப்படியும் செக்கிங் டேபிளில் ட்ரிம்மர் இருக்கிறது. செயின் தையலின் வாலை எல்லா இடத்திலும் ஒட்ட வெட்டிவிட முடியாது. மேலே இன்னொரு தையல் ஏறிப் பூட்டாத இடத்தில் ஒட்ட வெட்டினால், இழுத்த மாத்திரத்தில் வரிசை முழுக்கப் பிரிந்து வரும். எங்கே ஒட்ட வெட்டலாம், எங்கே கொஞ்சம் விட வேண்டும் என்பதை அந்த டேபிளில் உடுப்பைப் புரட்டும் பெண்தான் ஒரு நொடியில் முடிவு செய்கிறார். ஆனால் ட்ரிம்மரைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் அவர் அல்ல. பர்ச்சேஸ் பிரிவு விலையைப் பார்த்து வாங்குகிறது. அடுத்த தடவை வாங்கும் முன் நாலைந்து வகைகளைச் செக்கிங் டேபிளில் ஒரு ஷிஃப்ட் முழுக்கக் கொடுத்து வையுங்கள். சாயங்காலம் எந்தக் கை வலிக்கவில்லை என்று கேட்டுவிட்டு ஆர்டர் போடுங்கள்.